புயலுக்கு முன் போட வேண்டிய ஊசி

பேரிடர் வந்த பிறகு முகாமுக்கு முகாம் ஊசியோடு ஓடுவதைத்தான் மருத்துவத் தயார்நிலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுனாமியும் கஜா புயலும் காவிரிப் படுகைக்குக் கற்றுக்கொடுத்த பாடம் வேறு.

2004 டிசம்பர் 26 காலை சுனாமி தமிழகக் கடற்கரையைப் புரட்டிப் போட்டது. மாநிலத்தில் மாண்ட சுமார் 8,000 பேரில் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். மூன்றாம் நாள், 29-ஆம் தேதி, பாதிக்கப்பட்ட ஊர்களில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள். எந்த நாட்டின் அளவுகோலில் பார்த்தாலும் அது வேகம்தான். மறுநாளே, 30-ஆம் தேதி, கடலூர் மாவட்டத்திலிருந்து தட்டம்மைத் தகவல் வந்தது. தட்டம்மைக் கிருமி உடலுக்குள் புகுந்த பின் காய்ச்சலாகத் தலைகாட்டப் பத்து நாள் போலப் பிடிக்கும்; உடம்பில் தடிப்பு எழ இன்னும் சில நாள் ஆகும். அலை அடித்த நான்காம் நாளே நோய் வெளிப்பட்டதென்றால், அந்தக் கிருமி அலைக்கு முன்பே ஊருக்குள் உலவிக்கொண்டிருந்தது என்று பொருள். அந்த முதல் நோயாளிகளை முகாமில் போட்ட எந்த ஊசியும் காத்திருக்க முடியாது. பேரிடர் நாளில் ஒரு குழந்தையைக் காப்பது அதற்கு முந்தைய சாதாரண நாட்களில் போட்ட ஊசிதான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் வானிலை அறிக்கையைக் கேட்டபடியே தூங்கப் போகும் காவிரிப் படுகைக்கு இது ஏட்டு விவாதம் ஆகாது.

101 பேர் சொன்ன கணக்கு

கடலூர் நிகழ்வைத் தொற்றுநோய் ஆய்வாளர்கள் ஊர் ஊராக விசாரித்து 2006-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். தட்டம்மை கண்டவர்கள் மொத்தம் 101 பேர். சுனாமி தாக்கிய ஊர்களில் 71 பேர், தாக்காத ஊர்களில் 30 பேர். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் தாக்கிய ஊர்களில் ஆயிரத்துக்கு 1.3, தாக்காத ஊர்களில் ஆயிரத்துக்கு 1.7. அதாவது, அலை பட்ட ஊர், படாத ஊர் என்ற பேதம் நோய்க்கு இருக்கவில்லை. சுனாமிக்கும் தட்டம்மைக்கும் தொடர்பில்லை என்றே ஆய்வாளர்களும் முடிவு சொன்னார்கள். இத்தனைக்கும் தமிழ்நாட்டில் அப்போது தட்டம்மை ஊசி 95 சதவீதத்துக்கு மேல் போடப்பட்டிருந்தது. பிறகு எப்படி நோய் பரவியது? கணக்கு எளிது. அப்போது ஒன்பது மாதத்தில் ஒரே ஒரு தவணைதான். அந்த வயதில் போடும் ஊசி நூற்றில் 85 குழந்தைகளுக்குத்தான் பிடிக்கும். 95 பேருக்குப் போட்டு அதில் 85 சதவீதம் பலித்தால், காப்புப் பெற்றவர்கள் 81 பேர். மிச்சம் 19 பேர் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போவார்கள். தட்டம்மையோ, காப்பில்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றக்கூடியது. அதை நிறுத்த நூற்றில் 95 பேரிடமாவது எதிர்ப்பாற்றல் வேண்டும்.

இன்னொரு எண்ணும் அந்த ஆய்வில் உண்டு. சுனாமி தாக்கிய ஊர்களில் நோய் கண்டவர்களில் 36 சதவீதத்தினர் ஐந்து வயதைக் கடந்தவர்கள். முகாம் ஊசியோ ஐந்து வயதோடு நின்றுவிட்டது. வேகமாகச் செயல்பட்ட திட்டத்தின் வலையிலேயே மூன்றில் ஒருவர் அகப்படவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இடிபாட்டுக்கு நடுவே யாரும் வயது வாரியாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யாருக்கு ஊசி விடுபட்டிருக்கிறது, எந்த வயதில் ஓட்டை இருக்கிறது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய செய்திகள். இரண்டாம் தவணை வேண்டும் என்றும், இத்தகைய நெருக்கடியில் ஆறு மாதம் முதல் 14 வயது வரை ஊசி போட வேண்டும் என்றும் ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாட்டின் தடுப்பூசி அட்டவணையில் இரண்டாம் தவணை சேர்ந்தது. இப்போது ஒன்பது மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என்று தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடுகிறார்கள். கடலூர் போன்ற ஊர்களின் அனுபவம் அட்டவணையாக மாறியிருக்கிறது.

கடலூரில் 101 பேரோடு நின்றது பிற இடங்களில் நிற்கவில்லை. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை வெடித்து மக்கள் முகாம்களில் அடைந்தபோது, சுமார் 18,000 பேரைத் தட்டம்மை பிடித்தது. 2017-இல் மியான்மரிலிருந்து விரட்டப்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் குவிந்தார்கள். பல நாடுகள் மறந்தேவிட்ட தொண்டை அடைப்பான் நோய் அங்கே ஆயிரக்கணக்கானோரைத் தாக்கியது. ஊரில் இருந்தபோதே அவர்களில் பெரும்பாலோருக்கு முறையான தடுப்பூசி கிடைத்ததில்லை. 2024 ஆகஸ்டில் காஸாவில் பத்து மாதக் குழந்தை ஒன்று போலியோவால் முடங்கியது. அங்கே கால் நூற்றாண்டாக எட்டிப் பார்க்காத நோய் அது. போர் தொடங்கி வழக்கமான தடுப்பூசி தடைபட்ட பின் பிறந்த குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து சேரவில்லை. இந்த மூன்றையும் நம் கடற்கரையோடு ஒப்பிட்டால் ஒன்று துலங்கும். இடம்பெயர்ந்த மக்களிடம் நோய் எவ்வளவு பரவும் என்பதைப் பேரிடரின் கொடுமை மட்டும் முடிவுசெய்வதில்லை. முகாமுக்குள் வரும்போது மக்கள் எவ்வளவு எதிர்ப்பாற்றலோடு வருகிறார்கள் என்பதும் சேர்ந்தே முடிவுசெய்கிறது.

பிணங்களும் பீதியும்

பெரிய சாவு நிகழ்ந்த ஊரில் முதலில் எழும் கூக்குரல், பிணங்களால் கொள்ளை நோய் வரும் என்பது. சுனாமியிலும் அந்தப் பயமே பரவியது. பல உடல்கள் அடையாளம் காணப்படும் முன்பே அவசரமாகப் புதைக்கப்பட்டன. இயற்கைப் பேரிடரில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளை நோய் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் பலமுறை சொல்லியிருக்கிறது. அடிபட்டுச் சாகும்வரை நலமாக இருந்தவர்கள் அவர்கள். ஆபத்து உயிரோடு இருப்பவர்களின் நெருக்கத்தில் இருக்கிறது. அவர்கள் குடிக்கும் தண்ணீரிலும் ஒதுங்கும் இடத்திலும் இருக்கிறது. 2010-இல் ஹைத்தியில் நிலநடுக்கத்துக்குப் பல மாதம் கழித்துக் காலரா வந்தது. ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததே காரணம். சுமார் 10,000 பேர் மாண்டார்கள். 2009-இல் இலங்கையின் வன்னிப் போரின் முடிவில் மெனிக் பாம் முகாமில் லட்சக்கணக்கான ஈழத்தமிழர் அடைக்கப்பட்டபோது, சின்னம்மையும் மஞ்சள் காமாலையும் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தன. அங்கும் காரணம் நெருக்கடியும் தண்ணீரும்தான்.

அப்படியானால் முகாமில் எல்லோருக்கும் காலரா, டைபாய்டு ஊசிகளையும் சேர்த்துப் போட்டுவிடலாமே என்ற கேள்வி எழும். வாய்வழிக் காலரா மருந்தை இந்தியாவே தயாரிக்கிறது. ஹைதராபாத்திலிருந்து உலக நாடுகளுக்கெல்லாம் போயிருக்கிறது. ஆனால் அது பலனளிக்கத் தொடங்கவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். உலகச் சேமிப்பில் தட்டுப்பாடு ஏற்பட்டு 2022 அக்டோபர் முதல் இரண்டு தவணைக்குப் பதில் ஒரே தவணை கொடுக்கும் நிலை. அதைவிட முக்கியம் ஆள்பலம். வெள்ளம் சூழ்ந்த ஒரு ஊரில் இருப்பது ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர். அவர்களை ஊசி வரிசையில் உட்காரவைத்துவிட்டால் மேல்நிலைத் தொட்டியில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க ஆளிருக்காது. காரைக்காலை நினைத்துக்கொள்ளலாம். 2022 ஜூலைத் தொடக்கத்தில் அங்கே புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஆனாலும் 1,500-க்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். சிலரிடம் காலரா உறுதியானது. புதுச்சேரி அரசு பொதுச் சுகாதார நெருக்கடி நிலையையே அறிவித்தது. பக்கத்து நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள் உஷாராகின. கழிவுநீர் கலந்த குடிநீர்க் குழாய்க்கு ஊசி மருந்து கிடையாது. குழாயைச் சரிசெய்வதும், கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலும் குளோரின் இருக்கிறதா என்று சோதிப்பதுமே மருந்து.

இது டெல்டாவுக்குப் புதிய பாடம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை மாகாண சுகாதார அதிகாரிகள் காவிரிப் படுகையைக் காலரா நிலைகொண்ட பகுதியாகவே கருதினார்கள். குளத்தில் குளித்து, வாய்க்காலில் குடித்து, அதன் கரையிலேயே ஒதுங்கிய ஊர்களில் வாந்திபேதி வருடந்தோறும் வந்து போனது. அதை எதிர்கொண்ட அனுபவத்தில் உருவான சட்டங்களில் ஒன்றுதான் 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவில் அப்படியொரு முழுமையான சட்டத்தை முதலில் கொண்டுவந்த மாகாணம் இதுதான். மருத்துவமனைகளை நடத்தும் துறை வேறு, நோய் வராமல் பார்த்துக்கொள்ளும் துறை வேறு என்று பிரித்து, இரண்டாவதற்குத் தனி இயக்குநரகமும் தனி நிதியும் வைத்திருப்பது தமிழ்நாட்டின் தனிச் சிறப்பு. உலக வங்கிக்காக மோனிகா தாஸ் குப்தா, டி.வி. சோமநாதன் உள்ளிட்டோர் 2009-இல் எழுதிய ஆய்வறிக்கை, சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில் கொள்ளை நோய் வராததற்கு இந்த அமைப்பைத்தான் காரணமாகக் காட்டியது. அதாவது, பேரிடரில் பலன் கொடுத்தது பேரிடருக்கென்று தொடங்கிய திட்டம் எதுவும் இல்லை. அன்றாட நிர்வாகமே பலன் கொடுத்தது.

நெருக்கமும் தண்ணீரும் காரணமாகாத ஒரு விதிவிலக்கு உண்டு. அது ரணஜன்னி எனும் டெட்டனஸ். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் சுனாமிக்கு அடுத்த ஒரு மாதத்தில் 106 பேரை டெட்டனஸ் தாக்கியது. 20 பேர் இறந்தார்கள். துருப்பிடித்த தகரமும் முறிந்த மரமும் கிழித்த புண்கள் வழியாகப் புகுந்த நோய் அது. புயலில் சாய்ந்த தென்னையை வெட்டுபவரும், ஓடு பொறுக்குபவரும், சாக்கடையில் இறங்குபவரும் இதே ஆபத்தில்தான் நிற்கிறார்கள். சுனாமியின்போது நாகப்பட்டினத்தைச் சுத்தம்செய்ய வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை அழைத்து வந்தார்கள். ஒவ்வொரு புயலிலும் இப்படித்தான் நடக்கிறது. பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் இவர்களுக்குக் கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போடப்பட்டது என்ற பதிவாவது இருக்கிறதா? பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரு ஊசி, மஞ்சள் காமாலை-பி-க்கு மூன்று தவணை. இவற்றை வேலைக்குச் சேரும்போதே போட்டு அட்டையில் எழுதிக் கொடுக்கப் பெரிய செலவில்லை. பிணத்தைத் தூக்கச் சொல்லி ஆளனுப்புகிறவர்கள், அந்த ஆளுக்கு ஊசி போட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும்.

கம்பம் சாய்ந்தால் குளிர் போகும்

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. முன்கூட்டியே மக்களை வெளியேற்றியதில் அரசுக்குப் பாராட்டுக் கிடைத்தது. அடுத்த நாளிலிருந்து பாராட்டு கோபமாக மாறியது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சுமார் ஒரு லட்சம் மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்தேவிட்டன. உள்ளடங்கிய சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. வாடகை ஜெனரேட்டர் பிடித்து மோட்டார் ஓட்டித்தான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். குடிதண்ணீருக்கே இந்தப் பாடு என்றால், குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டிய தடுப்பூசிக்கு?

ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் ஊசி மருந்து இருக்க வேண்டும். மின்சாரம் போனாலும் மூடியைத் திறக்காமல் வைத்தால் பல மணி நேரம் தாங்கும். பல நாள் தாங்காது. அங்கிருந்து ஊருக்குள் எடுத்துப் போகும் சிறு ஐஸ் பெட்டியின் நான்கு பக்கமும் ஐஸ் பேக் செருகுவார்கள். இந்த ஐஸ் பேக்கைக் கல் போல உறைந்த நிலையில் அப்படியே வைத்துவிடக் கூடாது. வெளியே எடுத்து வைத்து, காதோரம் பிடித்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற வரை காத்திருக்க வேண்டும். ஏனென்றால் சூடு கெடுக்கும் மருந்துகள் இருப்பதுபோல, உறைந்தால் கெடும் மருந்துகளும் உண்டு. பென்டாவேலன்ட், மஞ்சள் காமாலை-பி, டெட்டனஸ் மருந்துகள் ஒருமுறை உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு வெள்ளைச் சதுரமும் அச்சிட்டிருக்கும். சூடு ஏற ஏறச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் அந்த மருந்து உதவாது. ஆனால் அந்தச் சதுரம் சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. தட்டம்மை மருந்து வேறு வகை. பொடியாக வரும், கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். இருட்டில், மழையில், ஆள் பற்றாக்குறையில் வெளியூர் ஆட்களை வைத்து அவசரமாகச் செய்கிற காரியம் இல்லை இது. பழகிய கைகள் வாரந்தோறும் செய்துவந்தால்தான் பேரிடரிலும் பிசகில்லாமல் நடக்கும்.

பதிவேடும் அப்படியே. கர்ப்பிணிகள், குழந்தைகள் விவரம் எல்லாம் இப்போது கணினியில் ஏறிவிட்டது. குளிர்பெட்டியின் வெப்பநிலைகூடக் கைப்பேசி வழியே மேலிடத்துக்குத் தெரிகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கஜாவில் மின்கம்பத்தோடு கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. சிக்னல் இல்லாத நாளில் செவிலியரின் கையில் இருக்கும் காகிதப் பட்டியலே பதிவேடு. மழைக்காலம் தொடங்கும் முன் ஒவ்வொரு துணை சுகாதார நிலையமும் தன் பகுதிப் பட்டியலை அச்செடுத்து, நனையாத உறையில் போட்டு வைப்பதற்கு அரசாணை வேண்டியதில்லை.

முகம் தெரிந்த செவிலியர்

ஊசி இருந்தால் மட்டும் போதாது, கையை நீட்ட வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். அதைத் தொடர்ந்து ஊருக்குள் போட்டுவந்த தடுப்பூசியை, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அரசு மாற்றியது. பாதுகாப்புக் கருதி எடுத்த முடிவு. குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு விலை இருந்தது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகள் 2005-06-இல் 80.9 சதவீதம், 2015-16-இல் 69.7 சதவீதம். இந்தச் சரிவுக்கு அந்த முடிவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் நடவு, களை என்று கூலிக்குப் போகும் தாய்க்கு, நான்கு மைல் தள்ளிப் போன ஊசி எட்டாத ஊசி என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி பள்ளிகளில் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகள் பல பெற்றோரைப் பின்வாங்கவைத்தன; முகாமை நீட்டிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு 2019-21 கணக்கெடுப்பில் 89.2 சதவீதமாக ஏறியது. விழுந்தது மீண்டும் எழுந்தது, ஆனால் பல ஆண்டு உழைப்பில். வீடு வாசல் இழந்து, பயந்து கிடக்கும் ஒரு தாயிடம் முகாமில் முன்பின் தெரியாதவர் வந்து குழந்தையின் கையைக் கேட்டால் தயங்குவார். பிரசவத்துக்கு முன்பிருந்தே வீட்டுக்கு வந்துபோகும் கிராம சுகாதார செவிலியர் கேட்டால் தயங்க மாட்டார். அந்த நம்பிக்கையைப் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு உண்டாக்க முடியாது.

அதனால்தான் செவிலியர் பணியிடம் காலியாகக் கிடப்பதைப் பேரிடர் மேலாண்மைக் குறைபாடாகவே பார்க்க வேண்டும் என்கிறேன். ஊசிக்கு அப்பாலும் அவர்தான் கண்ணும் காதும். புயல் எச்சரிக்கை வந்ததும், பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ப்பது இன்று தமிழகத்தில் வழக்கமாகியிருக்கிறது; நல்ல முன்மாதிரி. இதே முறையை டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும், இன்சுலினை நம்பி இருப்பவர்களுக்கும் நீட்டிக்க வேண்டும். 2017-இல் மரியா புயல் தாக்கிய புவர்ட்டோ ரிக்கோவில் அரசு முதலில் சொன்ன சாவு எண்ணிக்கை 64. பின்னர் வந்த ஆய்வு அதை 2,975 என்று திருத்தியது. மின்சாரமும் மருத்துவமும் அறுந்து போன மாதங்கள் வாங்கிய உயிர்கள் அந்த இடைவெளியில் இருக்கின்றன. வெள்ளம் வந்தால் வயலில் உள்ள பாம்பும் எலியும் மேடு தேடி வீட்டுக்கு வரும். பாம்புக்கடி மருந்தைத் திரவமாக வாங்காமல் உலர்பொடியாக வாங்கி வைத்தால், குளிர்பெட்டி நின்றுபோனாலும் உடனே கெட்டுவிடாது. எலிக் காய்ச்சலுக்கு இங்கே ஊசி இல்லை. 2018 வெள்ளத்தின்போது கேரளம் மீட்புப் பணியில் இருந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தது. இலங்கையில் வயலில் இறங்கும் உழவருக்கே பருவ காலத்தில் அந்த மாத்திரை கிடைக்கிறது. ஆண்டு முழுதும் சேற்றில் நிற்கும் தஞ்சை உழவருக்கு அதைப் பற்றி எடுத்துச் சொல்லக்கூட ஆளில்லை என்றால் அது நியாயமா?

எதற்கு இந்தச் செலவு?

என்றோ வரும் புயலுக்காக ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் சூரிய ஒளிக் குளிர்பெட்டியும் ஜெனரேட்டரும் வைப்பது வீண்செலவு என்பார்கள். 1952, 1955, 1977 என்று டெல்டாவைக் கிழித்த புயல்களின் பட்டியல் நீளம். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. மழை கொட்டியது. இது என்றோ வருவது இல்லை, எப்போது வரும் என்று மட்டும் தெரியாதது. தவிர, அந்தக் குளிர்பெட்டி புயலுக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருக்கப் போவதில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் போடுகிற ஊசி அதில்தான் இருக்கும். மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்குள் வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்று சண்டை போடும் ஊர் இது. தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டி எடுப்பவரை யாரும் விவசாயி என்று சொல்ல மாட்டார்கள்.

முகாமில் மக்கள் இரண்டு மூன்று நாள்தானே இருக்கிறார்கள், அதற்குள் என்ன பரவிவிடும் என்றும் கேட்கலாம். நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்த அறைக் காற்றில் தட்டம்மைக் கிருமி இருக்கும். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாற்பது குடும்பங்கள் ஒரு ராத்திரி படுத்தால் போதும். கஜாவிலோ கூரை போனவர்கள் பலர் முகாமிலும் உறவினர் வீட்டிலும் நாள் கணக்கில் தங்க வேண்டியிருந்தது. மூன்றாவது எதிர்வாதம்தான் வலுவானது: சுனாமியிலும் கஜாவிலும் கொள்ளை நோய் வரவில்லையே, பிறகு எதற்கு இந்தப் பதற்றம்? வராததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைப் பராமரிக்கவில்லை என்றால் அடுத்த முறை வரும். நோய் வராத ஊரில்தான் தடுப்பூசிக்கு ஆதரவு குறைகிறது, பணியிடம் காலியாக விடப்படுகிறது, குளோரின் சோதனை சடங்காகிறது. அதோடு, டெல்டாவின் மக்களும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். செங்கல் சூளைகளுக்குக் குடும்பமாக வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எந்தச் செவிலியரின் பட்டியலிலும் இல்லாமல் போகலாம். புயல் வந்தால் அவர்களும் அதே பள்ளிக்கூடத்தில்தான் ஒதுங்குவார்கள். ஒரு ஊரின் எதிர்ப்பாற்றல் அட்டையில் பெயர் உள்ளவர்களைக் கணக்கிட்டுச் சொல்வதாக இருக்க முடியாது.

ஐப்பசிக்குள் முடிக்க வேண்டியவை

செய்ய வேண்டியது என்ன? வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குவது வழக்கம். அதற்குள் ஒவ்வொரு துணை சுகாதார நிலையமும் 15 வயதுக்குட்பட்டவர்களில் தட்டம்மை-ரூபெல்லா ஊசியின் இரண்டு தவணையும் முடிக்காதவர்களின் பட்டியலை எடுத்து, சூளைகளையும் வயல்வெளிக் குடியிருப்புகளையும் சேர்த்து, விடுபட்டதைப் போட்டு முடிக்க வேண்டும். தூய்மைப் பணியாளர், மின் ஊழியர், தீயணைப்பு வீரர், தன்னார்வலர் அனைவருக்கும் டெட்டனஸ் ஊசி பதிவோடு போட்டிருக்க வேண்டும். மின்சாரம் போனால் எந்த நிலையத்தின் மருந்து எந்த நிலையத்துக்கு, எந்த வண்டியில், யார் பொறுப்பில் போகும் என்பது எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஜெனரேட்டர் இருப்பது போதாது; டீசல் இருக்கிறதா, ஓட்டிப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிவதுபோல, குளிர்பெட்டியின் பொறுப்பு யாரிடம் என்பதும் தெரிய வேண்டும். 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. பல லட்சம் பேர் ஒரு குளத்தைச் சுற்றித் திரளப் போகும் அந்த நாட்களுக்கும் இதே பட்டியல், இதே குளோரின், இதே குளிர்பெட்டிதான் அடிப்படை.

இதில் வாசகருக்கும் வேலை இருக்கிறது. வீட்டில் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்து, தட்டம்மை-ரூபெல்லாவுக்கு நேரே இரண்டு தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுதான் இருந்தால் வரும் புதன்கிழமை போய்ப் போட்டுவிடுங்கள், அரசு நிலையத்தில் பணம் கிடையாது. ஆகஸ்ட் 15-இலும் அக்டோபர் 2-இலும் கிராம சபை கூடும். தெருவிளக்கையும் சாலையையும் கேட்கும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: நம் ஊர் செவிலியர் பணியிடம் காலியாக இருக்கிறதா? மின்சாரம் போனால் ஊசி மருந்து எங்கே போகும்? கடைசித் தெருக் குழாயில் குளோரின் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.